பரணில் ஏறிய கருவிகள்

முடிச்சூரில் எங்கள் தெருவுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கனமழை அறிவிப்பு வந்தால் எல்லா வீட்டிலும் சாமான்கள் பரணுக்கு ஏறும். மிக்ஸி, அரிசி, சர்க்கரை டப்பா, சர்டிபிகேட் பை, கல்யாண ஆல்பம். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதை ஒருமுறை பார்த்தவர்கள் நாங்கள். அந்த வெள்ளத்தில் என் தச்சுக் கருவிகள் அத்தனையும் துருவேறி வீணாயின.

நான் தொழில்முறைத் தச்சன் அல்ல. அலுவலகம் போய் வருகிறவன். ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் மரவேலைக்கு உட்காருவேன். வெள்ளத்துக்குப் பிறகு தாம்பரம் மார்க்கெட்டில் ஒவ்வொரு கருவியாகத் திரும்ப வாங்கினேன். உளியின் முதுகு தட்டையாக இருக்கிறதா என்று கடைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்ப்பேன். ரம்பத்தை வளைத்து விட்டு, நேராகத் திரும்புகிறதா என்று கவனிப்பேன். பொடிப் பல் ரம்பம்தான் எனக்குப் பிடிக்கும். பிளைவுட்டை அறுத்தால் ஓரம் பிசிறாது.

“பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாக்கறீங்களே சார், முடிவா இன்னா சொல்றீங்க?” என்பார் கடைக்காரர்.

வீட்டில் அவற்றுக்கு எண்ணெய் பூசி, செய்தித்தாளில் சுற்றி, பாலிதீன் உறையில் இட்டு, டேப் ஒட்டி, திருகு மூடி போட்ட நீல டிரம்முக்குள் அடுக்குவேன். “ஊறுகாய்க்குக்கூட நான் இவ்வளவு பண்றதில்ல” என்பாள் மனைவி.

அவளிடமும் ஒரு ரம்பம் இருந்தது. முருங்கைக் கிளை வெட்ட நடைபாதைக் கடையில் வாங்கியது. வளைந்த அலகு, கூர்முனை, முரட்டுப் பல். பின்வாசல் ஆணியில் தொங்கும். அதை ஒரு கருவியாகவே நான் நினைத்ததில்லை.

குளியலறைக் கதவையும் வெள்ளத்துக்குப் பிறகுதான் மாற்றினேன். தண்ணீரில் ஊறாத மரைன் பிளைவுட் கதவு. உள்பக்கமாகத் திறக்கும். நெஞ்சு உயரத்தில் கனமான தாழ்ப்பாள், நானே பொருத்தியது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மனைவிக்குச் சர்க்கரை நோய். மிச்சச் சாமான்களை ஏற்றும் அவசரத்தில், இன்சுலின் போட்டுக்கொண்டவள் சாப்பிடாமலேயே குளிக்கப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே வாளி உருண்டது. கூப்பிட்டேன். ஒரு முனகல் கேட்டது. மறுபடி கூப்பிட்டபோது அதுவும் இல்லை.

தரையில் படுத்துக் கதவின் அடி இடுக்கில் பார்த்தேன். கதவை ஒட்டியே அவள் தோள் தெரிந்தது.

என் கூச்சலுக்கு மாடியில் குடியிருக்கும் ஆட்டோக்காரத் தம்பி ஓடி வந்தார். “நவுருங்க சார், ஒரே ஒத.”

“வேணாம் தம்பி! கதவுக்குப் பின்னாடியேதான் கிடக்கா. உதைச்சா அவ தலையிலதான் அடிக்கும்.”

“ஜன்னலு?”

“கம்பி போட்டிருக்கு.”

“கம்பிய வேற போட்டு வெச்சிகீறியே சார்!”

ஒரே வழிதான் தோன்றியது. இடுப்பு உயரத்தில் கதவைக் குறுக்கே அறுக்க வேண்டும். கீழ்ப்பாதி அப்படியே நிற்க, மேல்பாதி மட்டும் அவளுக்கு மேலாகத் திறக்கும். அதற்குக் கருவிகள் வேண்டும். டிரம் பரணில், முதல் நாளே ஏற்றியதால் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது.

தம்பி ஏறிப் பெட்டிகளைக் கீழே தள்ளினார். டிரம்மின் மூடியை என் ஈரக்கையால் திருக முடியவில்லை, அவர்தான் திறந்தார். உறைகளின்மேல் நான் எழுதிய பெயர்கள் எண்ணெயில் கலைந்திருந்தன. டேப்பைப் பல்லால் கிழித்தேன். இழைப்புளி வந்தது. அடுத்ததில் மூலைமட்டம்.

“இது இன்னா சார், அளந்துகினு ஒக்காரப் போறியா?”

அவள் பேரைச் சொல்லிக்கொண்டே கிழித்தேன். கர்த்தாவே, கர்த்தாவே என்றும் சொன்னேன். மூன்றாவதில் உளி, அடுத்ததில் ரம்பம்.

உளியால் கதவில் ஒரு பிளவு தோண்டினேன். என் அருமையான ரம்பத்தின் முனை சதுரமானது; பிளவுக்குள் நுழையவில்லை. வலுவில் திணித்தபோது பொடிப் பற்களில் எண்ணெயும் தூளும் அப்பி, அது வழுக்கியதே தவிர அறுக்கவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் முருங்கை ரம்பம் நினைவுக்கு வந்தது. பின்வாசலுக்கு ஓடினேன்.

அதன் முனை முதல் தள்ளலிலேயே பிளவுக்குள் போனது. இழுக்க இழுக்கக் கதவு கிழிந்தது. ஓரம் முழுக்கப் பிசிறு. இரண்டு பக்கமும் நிலைச் சட்டம் மறைத்த விளிம்புகளை மட்டும் உளி வைத்து அடித்து உடைத்தேன். கீழ்ப்பாதி அவள்மேல் சாயாதபடி தம்பி மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிளவைக் கைநுழையும் அளவுக்குப் பெயர்த்து, உள்ளே கைவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினேன். மேல்பாதி திறந்தது.

ஏறிக் குதித்தேன். அவள் உடம்பு வேர்த்து, சில்லென்று இருந்தது. மூக்கருகே விரல் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு லேசாகச் சூடு. “சர்க்கரை இறங்கிடுச்சு தம்பி” என்றேன்.

“சக்கர எட்தாடீ!” என்று தம்பி மாடியைப் பார்த்துக் கத்தினார். எங்கள் சர்க்கரை டப்பா பரணில் எங்கோ கிடந்தது. அவர் மனைவி கொண்டுவந்த சர்க்கரையை என் மனைவியின் ஈறில் தேய்த்தேன். பிறகு அவளை ஆட்டோவில் போட்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவள் கண் திறந்து, யாரையும் அடையாளம் தெரியாதவள்போல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பிழைத்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைப் பார்த்து, “மாட்டுக் கொட்டகைக்குப் போட்டா மாதிரி இருக்கு. உங்களுக்குப் பிசிறு பிடிக்காதே?” என்றாள்.

கதவை மாற்றிவிட்டேன். புதியதில் தாழ்ப்பாள் இல்லை. இந்த மழைக்கும் சாமான்களைப் பரணில் ஏற்றினோம், டிரம் உட்பட. முருங்கை ரம்பம் மட்டும் குளியலறைக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்குகிறது. அவள் குளிக்கப் போனால் அங்கேயே நிற்கிறேன். மக் வாளியில் படும் சத்தம் வரும்வரை பரவாயில்லை. அது நின்றால் என் கை தானாக ஆணிக்குப் போகிறது.

“சோப்பு போடறேன்” என்கிறாள் உள்ளேயிருந்து. “இருக்கேன். போங்க.”

நான் போவதில்லை.