தம்பியின் பெட்டிக்குள் ஒரு பீஸ் கம்பி

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் தெருவில் கரண்ட் தறி ஓடாத வீடு கிடையாது. பக்கத்தில் நிற்பவரிடம் சோறு துன்னியா என்று கேட்பதற்கும் கத்த வேண்டும். அந்தத் தெருவில் கத்த முடியாத ஒரே ஆள் என் தம்பி. சின்ன வயதிலேயே அவனுக்குத் தசை நோய் வந்துவிட்டது. முதலில் கால் போனது, பிறகு கை, பிறகு குரலும் மெலிந்தது. வளர்ந்து மீசை முளைத்தபோது அசைவதற்கு மிச்சமிருந்தவை இரண்டு கட்டைவிரல்களும் நாக்கும்தான். அந்த நாக்கு மட்டும் எந்த நோய்க்கும் அடங்கவில்லை.

கடையில் விற்கும் வீடியோ கேம் எதையும் அவனால் பிடிக்க முடியாது. கனம், பட்டன்களும் கெட்டி. அதனால் சின்னத் திரை வைத்த ஒரு விளையாட்டுப் பெட்டியை நாமே செய்யலாம் என்றான். நான் திருப்பதியில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். யோசனை அவனுடையது, கை என்னுடையது என்று ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கட்டிலில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல, நான் ஈயம் வைத்து ஒயர்களை ஒட்டுவேன். கொஞ்சம் வழிந்துவிட்டால் போதும், "இன்னா அக்கா, கஸ்டமர் போனுக்கும் இப்டித்தான் பூசுவியா?" என்பான்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் அவன் விளையாட மாட்டான். வீட்டுக் கரண்ட் அந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது. அடாப்டர் சுவரோடு நிற்க வேண்டும், பெட்டிக்குள் வருவது ஐந்து வோல்ட்தான். சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடினால் சார்ஜரும் பேட்டரியும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க நடுவில் ஒரு சின்ன போர்டு. எல்லாவற்றுக்கும் முன்னால், பேட்டரியின் வாயிலேயே, ஒரு கண்ணாடி பீஸ், கடையில் ஃபியூஸ் என்போம். எங்காவது ஒயர் உரசி ஷார்ட் ஆனால் அது முதலில் உருகிப் போய்விடும், பேட்டரி சூடாகாது. போனால் ஏன் போனது என்று பார்க்காமல் வேறு போடக் கூடாது. பழைய லேப்டாப்பிலிருந்து நான் எடுத்து வந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வைத்தான்.

"ராக்கெட்டா வுடப் போற?" என்று சலித்துக்கொண்டேன்.

"என் நெஞ்சு மேல வெக்கப் போறேன்கா. பத்திக்கினா நானா தள்ளி வுட முடியும்?" என்றான். அடுத்த பேட்டரியை எடுத்துச் சோதித்தேன்.

பெட்டி ஓடியது. திரையில் கார் ஓட்டி, யார் யாரையோ முந்திக்கொண்டு கிடந்தான். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா தறியை விட்டு வந்து வாசற்படியில் நின்று பார்ப்பார். அம்மா போன பிறகு அவனைத் தூக்கிக் குளிப்பாட்டியதெல்லாம் அவர்தான். சித்தூர், வேலூர், திருப்பதி என்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அவனைத் தோளில் போட்டு அலைந்தார். எந்த டாக்டரும் அவர் கையில் ஒரு வழியைக் கொடுக்கவில்லை. மகனுக்காக எதையாவது சரி செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

தறி வீட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது பீஸ் போய்விடும். தறி நிற்கக் கூடாது, லைன்மேன் வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் செம்புக் கம்பிகள் கொத்தாகத் தொங்கும். ரெண்டு இழை எடுத்து முறுக்கி பீஸ் கட்டையில் கட்டினால் தறி ஓடும். அடிக்கடி போகிறதா, இன்னும் ரெண்டு இழை சேர்த்து முறுக்கு. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் ரிப்பேர். அத்தனை தடித்த கம்பி எந்த ஷார்ட்டுக்கும் போகாது; எனக்கு அந்த ஆணியைக் கண்டாலே எரிச்சலாக வரும்.

ஒருநாள் நான் வேலைக்குப் போன பிறகு பெட்டி நின்றுவிட்டது. பீஸ் போயிருந்தது. அக்கா வரட்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். இதுக்கு அக்கா இன்னாத்துக்கு என்று நைனா பெட்டியைத் தறிக்கூடத்துக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது பெட்டி ஓடியது. அதை அவன் நெஞ்சின் மேல் வைத்துவிட்டுத் தறிக்குப் போனார். பீஸ் போனதற்குக் காரணமான, மூடியில் நசுங்கிய ஒயர் உள்ளே அப்படியே இருந்தது. அது மறுபடி உரசியபோது போவதற்கு பீஸ் இல்லை. பேட்டரி வெடித்து எரிந்தது. அவன் கூப்பிட்டிருப்பான், தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நூல் தீர்ந்து தறியை நிறுத்திய பிறகுதான் நைனாவுக்குப் புகை வாசனை வந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் "ஏமைந்தம்மா?" என்று, என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டதற்கு, பேட்டரி வெடித்தது என்றேன். நைனா மருந்து வாங்கப் போயிருந்தார். தம்பி கண்ணால் கூப்பிட்டான். அவன் வாயருகே காதை வைத்தேன்.

"நைனா கம்பி கட்டிச்சுக்கா."

"தெரிஞ்சுமாடா வெச்சிக்கினு இருந்த?" என்றேன்.

"எப்டி சரி பண்ணேன்னு கேட்டேன். இதெல்லாம் ஒரு வேலையாடான்னு சிரிச்சிச்சு. அது அப்டி சிரிச்சி நான் பாத்ததே இல்ல." மூச்சு வாங்கினான். "கம்பியாலதான்னு நைனாவாண்ட சொல்லாத."

அதற்கு மறுநாள் தம்பி இறந்துபோனான்.

காரியத்துக்கு வந்தவர்கள் பழைய பேட்டரியைத்தான் திட்டினார்கள். திட்டிவிட்டு என்னைப் பார்த்தார்கள். கருகிய பெட்டியை நான் ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தேன். பீஸ் இருந்த இடத்தில் செம்பு இழைகள், தறிக்கு முறுக்குவதுபோலவே அழுத்தமாக முறுக்கிக் கிடந்தன. உன் கையை வெட்ட வேண்டும் என்று நைனாவைப் பார்த்துக் கத்த வேண்டும்போல இருந்தது. அந்தக் கைதான் அவனைக் கடைசியாகவும் குளிப்பாட்டியது.

எல்லாரும் போன பிறகு நைனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யார் இன்னா சொன்னாலும் நீ மனசுல வெச்சிக்காதம்மா. பழைய பேட்டரின்னா இன்னா, நீ ஆசையாத்தான குடுத்த. அன்னிக்கு நின்னுபோச்சு, நான் சரி பண்ணிக் குடுத்தேன். கொஞ்ச நேரம் சந்தோசமா வெளையாடினான். அது போதும்."

என் தலையில் கையை வைத்தார்.

"ஆமா நைனா, பேட்டரிதான்" என்றேன்.