சேற்றில் ஓடிய பாய்ப்படகு

நீர் வடிந்த பிறகு ஆற்றுச் சேற்றிலிருந்து எழும்பும் வாசனை, ஊறவைத்த தவிடும் பழைய இரும்பும் கலந்தாற்போல இருக்கும். மழைக்காலத்து ரங்கூனில் தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில், அந்த வாசனை போட்டாதாங்கில் எங்கள் சந்துவரை வந்து, பாடப்புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்கும் எங்களைக் கிளப்பிவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அண்ணன் சண்முகத்துக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து வீட்டில் மா சேன் இருந்தாள். சந்து முனையில் மொகிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்ற டோ மேயின் மகள், என் வயது, கன்னத்தில் எப்போதும் காய்ந்த தனகாப் பட்டைக் குழம்பு. அவள் பர்மியத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், பாதியில் இரண்டு பேரும் மொழி மாறிக்கொள்வோம்.

அந்த மழைக்காலத்தில்தான் காதர் நானா வந்து சேர்ந்தார். முனைக் கடைக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அண்ணனைக் கூப்பிடுவது போல நாங்களும் அவரை 'நானா' என்றே கூப்பிட்டோம். இருபது வயதுகூட இருக்காது. கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை. வந்த கப்பல் போய்விட, அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்தார். வடக்கே ஏதோ ஒரு குளிர்தேசத்தில் அவருடைய கப்பல் பழுதாகி ஒரு மாதம் நின்றதாம். அங்கே பார்த்ததைக் கடைவாசலில் உட்கார்ந்து சொல்வார்.

"ஏரி மொத்தமும் கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கும். அது மேல படகை விடுவாங்க. அடியில ரெண்டு கத்தி, மேல ஒரு பாய். காத்து அடிச்சா ரயிலைத் தோக்கடிச்சிரும்."

பெரியவர்கள் சிரித்தார்கள். மரத்தூளில் புதைத்துக் கொண்டுவரும் ஐஸ் பாளத்தைத் தவிர வேறு பனி கண்டறியாத ஊர் எங்களுடையது. "கப்பக்காரன் வாயில புளுகு குடியிருக்கும்" என்பார் அப்பா. ஆனால் நானா சொன்ன விதத்தில் புளுகு தொனிக்கவில்லை. ஓட்டத்தைவிட, பனி உடைந்து ஆள் விழுந்த கதையைத்தான் அவர் அதிகம் சொன்னார். விழுந்தவனிடம் யாரும் நடந்து போகவில்லையாம். குப்புறப் படுத்து, ஏணியை முன்னால் தள்ளிக்கொண்டு ஊர்ந்து போனார்களாம். "நின்னா ஒடம்பு கனம் மொத்தமும் ரெண்டு காலுல எறங்கும், படுத்தா பரவிரும்" என்று தன் உள்ளங்கையைத் தரையில் விரித்துக் காட்டுவார்.

எங்களுக்கு ஏரி உறையாது. ஆனால் எங்களிடம் சேறு இருந்தது. படித்துறைகளுக்குக் கிழக்கே, ஓடை வந்து ஆற்றில் சேரும் இடத்தில், கடல் ஓதம் இறங்கி நீர் வடிந்ததும் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு கரை விரியும். மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரை அதில் எதுவும் வழுக்கும். சண்முகம் மூங்கில் பிளாச்சுகளை வரிசையாகக் கட்டி, முன்முனையை வாட்டி மேலே வளைத்து, அடியில் விளக்கெண்ணெய் தடவி எங்கள் இருவருக்கும் ஒரு சறுக்குப் பலகை செய்தான். அப்பாவின் பழைய வேட்டி பாயாயிற்று. மா சேன் தனக்கு ஒன்றைத் தானே செய்துகொண்டாள். காற்று பாதி தள்ளும். மீதியை ஒரு காலால் உந்த வேண்டும். நானாவைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் வெகுநேரம் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி, "கயிறும் ஆளும் கரையில இல்லாம எறங்கப்படாது. தண்ணி ஏறத் தொடங்கிட்டா ஆட்டம் முடிஞ்சுது" என்றார்.

பத்துப் பதினைந்து நாள் அப்படியே நடந்தது. பிறகு ஒரு நாள் சண்முகம் எனக்கும் மா சேனுக்கும் பந்தயம் வைத்தான்: தார் பூசிய கம்பத்திலிருந்து, கவிழ்ந்து கிடந்த உடைந்த சம்பான் படகு வரை, முதலில் சம்பானைத் தொடுகிறவள் வென்றவள். அன்று பார்த்துக் காற்று இல்லை. காத்திருந்து காத்திருந்து, காற்று எழுந்தபோது நீர் திரும்பும் நேரமாகிவிட்டது. "வேணாம்டா, நாளைக்குப் பாக்கலாம்" என்றார் நானா. "ஒரே ஒரு ஓட்டம், நானா" என்று சண்முகம் கெஞ்சினான். நானும் கெஞ்சினேன்; அதை மறைப்பதற்கில்லை. கடைசியில் நானா கயிற்றை எடுத்துக்கொண்டு கரையில் நின்றார்.

மா சேன் முந்திக்கொண்டாள். பாதி தூரத்துக்கு மேல், ஆலை வாய்க்கால் விழும் இடத்தில், சேறு கூழாக இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதைச் சுற்றித்தான் போவோம். அவள் குறுக்கே போனாள். நான் சுற்றிப் போய் அவளைத் தாண்டும்போது பலகை சாய்வதைப் பார்த்தேன். "வள்ளி!" என்று அவள் கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் இறங்கியிருந்தாள். சம்பான் எனக்கு முன்னால் இருந்தது, கொஞ்ச தூரம்தான். நான் போய்ச் சம்பானைத் தொட்டேன். தொட்ட பிறகுதான் திரும்பினேன்.

போகும்போது தள்ளிய காற்று, வரும்போது மார்பில் அடிக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பலகையில் முழங்காலிட்டு, பாய் கட்டியிருந்த மூங்கில் கோலால் உந்தி உந்தி வந்தேன். ஆற்றுப் பக்கமிருந்து நீர் ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. நான் சேர்ந்தபோது மா சேன் இடுப்புவரை புதைந்திருந்தாள்; அழவில்லை, உதடு மட்டும் வெளுத்திருந்தது. எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

"நிக்காதே! படு! குப்புறப் படு!" என்று கரையிலிருந்து நானாவின் குரல் வந்தது.

படுத்தேன். மூங்கில் கோலை அவளுக்கு நீட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நானா இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைச் சண்முகத்திடமும் படித்துறைக் கூலியாட்கள் இருவரிடமும் கொடுத்துவிட்டு, சாக்குப் பாயை முன்னால் தள்ளித் தள்ளி, தான் கதையில் சொன்ன அதே விதமாக ஊர்ந்து வந்தார். கயிற்றை அவிழ்த்து மா சேனின் அக்குளுக்கடியில் கட்டினார். "காலை உதைக்காதே கண்ணு, மல்லாந்து சாஞ்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே கையால் சேற்றைத் தோண்டித் தண்ணீரை உள்ளே விட்டார். ஏறிவந்த நீரே சேற்றை இளக்கியது. அவள் வெளியே வந்தபோது, படுத்திருந்த என் தாடைவரை தண்ணீர். கரை சேர்ந்து பார்த்தால், அவளுடைய பலகை ஓடையில் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

அப்பா சண்முகத்தை அடித்தார். பிறகு கடைவாசலுக்குப் போய், "உன் ஐஸ் கதையால என் புள்ளைங்க செத்திருக்கும்" என்று நானாவைத் திட்டினார். நானா அந்த வாரமே கிடைத்த கப்பலில் ஏறிவிட்டார், எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல். அவர் இல்லாவிட்டால் மா சேன் இல்லை என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டோ மே ஒரு தூக்கு நிறைய மொகிங்கா கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஜெயிக்கப் போனவ, என் மகளுக்காகத் திரும்பி வந்தா" என்று சந்து முழுக்கச் சொன்னாள். அவள் பக்கத்தில் மா சேன் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கரையிலிருந்தவர்களுக்கு என் பாய்தான் தெரிந்ததே தவிர, சம்பானைத் தொட்ட என் கை தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நான் தூக்கை மா சேன் பக்கம் நகர்த்தினேன்.

இப்போது அந்த இடத்தில் கற்சுவர் எழும்பிக் கிடங்குகள் நிற்கின்றன. நீர் வடிந்தாலும் கரை விரிவதில்லை, வாசனையும் சந்துக்கு வருவதில்லை. சண்முகம் இல்லை. நானா எந்தக் கடலில் போனார் என்று தெரியாது. மா சேன் மணமாகி மாவ்பிக்குப் போய்ப் பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டாள். சென்ற மாதம் அவளைப் பார்க்கப் போனபோது, சந்தையில் அவள் காய்கறிக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்: நான் தொட்டுவிட்டு வந்ததை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

அவள் கத்தரிக்காயைத் துடைப்பதை நிறுத்தாமல், "தொடாம வந்திருந்தா, யாரு ஜெயிச்சதுன்னு இன்னிக்கும் நீயும் நானும் சண்டை போட்டிட்டிருப்போம்" என்றாள், எங்கள் பழைய பாதித் தமிழில். பிறகு துடைத்த காயைக் கூடையில் வைத்துவிட்டு, "ஆனா, நீ முதுகைக் காட்டிக்கிட்டுப் போனியே, அந்த நேரம் ரொம்ப நீளமா இருந்துச்சு, வள்ளி" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாங்க வந்த ஒருத்தி விலை கேட்கும்வரை அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.