அண்ணன் காரில் கத்தும் பெட்டி

ஆஸ்பத்திரியில் அண்ணியைக் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், அண்ணன் இன்று வண்ணார்பேட்டையில் காரை நிறுத்தினான். மாசமாக இருக்கிற அண்ணி காரிலேயே இருந்தாள். என்னை மட்டும் கடைக்குள் கூட்டிப்போனான்.

நாங்குநேரி ரோட்டில் போலீஸ் அதிவேகத்தைப் பிடிக்கும் கேமராவோடு நிற்கிறதாம். முன்கூட்டியே எச்சரிக்கும் பெட்டி அவனுக்கு வேண்டும்.

கடை அண்ணாச்சி இரண்டை எடுத்துவைத்தார். "ரெண்டும் துபாய் சரக்கு. ரெண்டும் கத்தும்வே. அட்டையில என்ன எழுதியிருக்குன்னுதான் எனக்கு விளங்கல."

"எங்க வீட்ல காலேஜ் போனவ இவதான். ஏட்டி, வாசிச்சு நல்லதா ஒண்ணு எடு" என்றான் அண்ணன்.

வாசித்தேன். ஒன்று கேமராவைக் கண்டால் கத்தும். மற்றது, வண்டி அறுபதைத் தாண்டினாலே கத்தும்.

அண்ணன் எண்பதுக்குக் கீழே ஓட்டி நான் பார்த்ததில்லை.

"இதுதாண்ணே நல்லது" என்று இரண்டாவதை நீட்டினேன்.

அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பினோம். அது கத்தும்போதெல்லாம் அண்ணன் பிரேக்கை மிதித்துவிட்டு, சாலையோரப் புளியமரங்களுக்குப் பின்னால் தேடினான்.

"எங்கன ஒளிஞ்சு நிக்கான்னே தெரியல. ஆனா மெசின் எப்படிக் கண்டுபிடிக்கு பாத்தியாட்டி!"

பின்சீட்டில் அண்ணி நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

நாளை அண்ணனின் சிநேகிதர் பெட்டியைப் பார்க்க வருகிறாராம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். அட்டையை என் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்கு ஓடிவந்துவிட்டேன். அண்ணன் இந்நேரம் வீட்டில் அதைத் தேடிக்கொண்டிருப்பான்.

தோழிகளே, என்ன சொல்லட்டும்? சீக்கிரம் பதில் போடுங்கள். பிள்ளை பிறக்கும்வரை தாங்குகிற பொய்யாக இருந்தால் போதும்.