இருநூறு வாட் காற்றாடி

கோலா கெத்தில் என்ற ஊரில் எனக்குச் சைக்கிள் கடை. ஜப்பான்காரன் காலத்தில், பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் தம்பியின் பெயரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகிறவர்கள் பட்டியலில் எழுதிவிட்டார்கள். முன்னால் போன கூட்டத்தில் ஒருவனும் திரும்பவில்லை.

தோட்டத்தில் கணக்கும் பட்டியலும் எழுதுகிற கிராணிதான் வழி சொன்னார். பெரிய பங்களாவில் இருக்கும் ஜப்பான் அதிகாரிக்கு விளக்கு இல்லை. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

"வெளிச்சம் போட்டுக் குடு, தம்பி பேர அடிச்சிடறேன். போடலன்னா உன் பேரையும் சேத்து எழுதுவேன்லா."

ஜித்ராவில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு காற்றாடி யந்திரம் இருந்தது. ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை ரேடியோ பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வைத்திருந்தது. ரேடியோவையும் பாட்டரியையும் ஜப்பான்காரன் பறித்துக்கொண்டான். மிச்சம், இரண்டு மர இறக்கையும் ஒரு டைனமோவும். அதன் தகட்டில் இருநூறு வாட் என்று அடித்திருந்தது.

"கார் பல்பு இருபது வாட்டு. பத்து எரியும் தம்பி. தகட்டுல வெள்ளைக்காரன் பொய் அடிப்பானா?" என்றார் பழைய சாமான்காரர்.

நல்ல டயர் இருந்த கடைசி சைக்கிளைக் கொடுத்து வாங்கினேன். மூட்டையில் எடை நூறு கட்டி என்று போட்டிருந்தால் உள்ளே நூறு கட்டி அரிசி இருக்கும். வாட்டும் அப்படித்தான் என்று நினைத்தேன். பத்து பல்பு என்று கிராணியிடம் சொல்லியும் விட்டேன். முட்டாள்.

பங்களாவுக்கு முன்னால் தம்பியும் நானும் கம்பம் நட்டு ஏற்றினோம். இறக்கை சோம்பலாகச் சுற்றியது. ஒரே ஒரு பல்பு பீடி நெருப்புப் போலச் சிவந்து அணைந்தது. இறக்கிப் புளி போட்டுத் தகட்டைத் தேய்த்தபோது அடியில் இன்னொரு வரி தெரிந்தது. மணிக்கு இருபத்தைந்து மைல் காற்றில்தான் இருநூறு வாட். காற்று பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே இலைகூட அசையவில்லை.

"காத்து இல்லன்னு அவன்கிட்ட நீயே சொல்லு" என்றார் கிராணி. சாயங்காலம் அதிகாரி வந்துவிடுவான்.

கடைக்கு ஓடி, டயர் இல்லாமல் கிடந்த ஒரு சைக்கிளைக் கொண்டு வந்தேன். ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ரிம்முக்கும் டைனமோவுக்கும் வார் போட்டுத் தம்பியை மிதிக்கச் சொன்னேன். மூன்று பல்பு எரிந்தது. நான்காவது போட்டால் எல்லாம் மங்கியது.

"அண்ணே, நான் எத்தன வாட்டு?" என்று மூச்சு வாங்கக் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிகாரி வந்தான். இடுப்பு ஒடியக் குனிந்தேன். பல்புகளை எண்ணிவிட்டு என்னை இரண்டு அறை அறைந்தான். பிறகு தம்பியின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் மூன்று போதும் என்பதுபோல மூன்று விரல் காட்டித் தலையாட்டினான். தினமும் மிதிக்க ஆள் வேண்டுமல்லவா. கிராணி பட்டியலை எடுத்துத் தம்பியின் பெயரை அடித்தார்.

தலைக்கணக்கு குறையக்கூடாது. அடித்த இடத்துக்கு மேலேயே வேறொரு பெயர் எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாசித்தேன். தெரிந்த ஆள். குனிந்து டைனமோவின் வாரை இறுக்கினேன்.