முதல் வரியில் எது வர வேண்டும்?

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனிடம் வருகிற ஒவ்வொரு மெஷினும் ஒரே வாக்கியத்தோடுதான் வரும்: "நான் எதையும் தொடவே இல்லை." இந்தத் தொழிலில் என்னோடு அல்லாடுகிறவர்களுக்கு இது தெரியும்.

ஃபிஜித் தீவில், லவுட்டோக்காவில் ரஹீமும் நானும் கூட்டாகக் கடை வைத்திருந்தோம். ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்திருந்த சமயம். வெளிநாடு போகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டரை இங்கேயே இருக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பலவற்றில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளமும் இருக்கும். மெஷினைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து, எதைத் திறக்கட்டும் என்று கேட்கும். சில விநாடிகள் எண்ணும். யாரும் எதையும் அமுக்காவிட்டால் முதல் வரியைத் தானே திறந்துகொள்ளும். எதை முதல் வரியாக வைப்பது, எவ்வளவு நேரம் காத்திருக்க வைப்பது என்று மாற்றிக் கொடுப்பதுதான் அப்போது எனக்குப் பாதி வேலை.

அதே சமயம் என் மனைவி கமலாவுக்கு ஆக்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்து, எங்கள் இருவருக்கும் விசா வந்திருந்தது. தீபாவளிக்குள் போய் இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விசா காலாவதி. கமலா தயாராக இருந்தாள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிற்கும் மெஷின்

தையல் கடை லட்சுமியக்காவுக்குத் தங்கை கனடா போகும்போது கொடுத்த கம்ப்யூட்டர். எண்கள் இறங்குவதைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது, ஏதோ வெடிக்கப்போகிற மாதிரி இருக்கிறது என்றாள். ரேடியோவில் எந்நேரமும் ஊரடங்குச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தவளை என்ன சொல்வது? எண்ணுவதை நிறுத்தி, அவள் அமுக்கும்வரை மெஷின் காத்திருக்கும்படி செய்து கொடுத்தேன்.

அடுத்த வாரமே திரும்பி வந்தாள். "தம்பி, அது என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. எனக்கு எதைத் தொடறதுன்னு தெரியல. ஏதாவது ஒண்ணை அதுவே தொறந்துக்கச் சொல்லுப்பா."

பங்காளி

ரஹீமின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் சிட்னியில். அவன் மட்டும் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். எனக்கு அந்தத் தூக்கத்தின் மேல் பொறாமை. நான் ஏன் கிளம்பவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மண்ணின் மேல் பாசமா? அப்பாவின் கரும்பு நிலத்துக் குத்தகை எப்போதோ முடிந்துவிட்டது. கடையா? ரஹீம் ஒருவனே போதும். எந்தக் காரணமும் நிற்கவில்லை. ஆனாலும் நான் கிளம்பவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, அந்த மயக்கப் பானத்தில் எனக்கு ஒரு கிண்ணம் நீட்டிக்கொண்டே ரஹீம் சொன்னான்: "பையா, ஊர்ல உள்ள மெஷினுக்கெல்லாம் எது முதல்ல வரணும்னு நீதான் சொல்றே. கமலா கேட்டா மட்டும் வாயில நங்கோனாவை ஊத்திக்கிறியே."

லோவுக்காரர்

முனுசாமி அண்ணன் பக்கத்து ஊரான லோவுவிலிருந்து கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். கரும்பு விவசாயி. மகன் பிரிஸ்பேன் போகுமுன் அப்பாவுக்கு விண்டோஸை விட்டுவிட்டு, தனக்கென்று லினக்ஸ் போட்டு வைத்திருந்தான். இப்போது மெஷின் இரண்டையும் திறக்காமல் வெறும் திரையில் நின்றது. வழக்கம்போல, எதையும் தொடவில்லை என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து உண்மை வந்தது. மகன் போன் பண்ணி மாசக்கணக்காகிறது. கோபத்தில் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு, மகனுடைய பகுதியை மொத்தமாக அழித்திருக்கிறார். எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கிற அந்த மெனு இருந்ததே மகன் பகுதியில்தான். அதை விளக்கினேன். சாக்கை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நான் அவன் பக்கத்தைத்தானேப்பா அழிச்சேன். என் பக்கம் ஏன் தொறக்க மாட்டேங்குது?"

வீட்டு மெஷின்

எங்கள் வீட்டில் ஒரே லேப்டாப். முதல் வரி என் லினக்ஸ், கீழே கமலாவின் விண்டோஸ். தீபாவளி நெருங்கியபோது ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரஹீம் எழுந்து வெளியே போய்விட்டான். யாரையும் கேட்பதுபோலவே அவளையும் கேட்டேன், என்ன செய்ய வேண்டும் என்று.

"என்னுதை முதல்ல வைங்க. உங்களுதை அழிக்க வேணாம், கீழே இருக்கட்டும்."

மாற்றினேன். எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கட்டும் என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எல்லாருக்கும் வைக்கிறதே போதும். நான் நெறையக் காத்திருந்துட்டேன்."

நண்டி விமான நிலையத்தில் அவளை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன். தீபாவளி வந்தது, போனது. பிறகொரு நாள் போனில் பேசும்போது, லேப்டாப் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்டேன். வேறெதைக் கேட்கத் துணிச்சல் இருந்தது?

"செய்யுது. தெனம் காலையில உங்க வரி தெரியும். நான் டீ ஊத்தி எடுத்துட்டு வர்றதுக்குள்ள, அது தானா என்னுதுக்குப் போயிடுது."

மெனுவில் பெயர் இருப்பதும் அது திறக்கப்படுவதும் வேறு வேறு என்று லவுட்டோக்காவில் இத்தனை பேருக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னவன் நான்தான்.