மாவ்ராவின் முற்றத்தில் கவ்ரீலின் பனிக்கட்டி

என் தம்பி கவ்ரீலுக்கு வாய் இருப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தவனிடம் ஊரே கூடி நின்று கதை கேட்டது. "குளிர் இங்க அளவுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவனும் அவன்தான். அதிலேயே கல்யாண வயதும் போய்விட்டது.

ஆனால் ஏரியில் பனிக்கட்டி அறுப்பதில் அவனை அடித்துக்கொள்ள எங்கள் ஊரில் ஆளில்லை. நவம்பரில் ஏரி ஒரு முழத்துக்கு உறைந்ததும் ரம்பத்தோடு கிளம்பிவிடுவான். குளிர்காலம் பூராவும் நாங்கள் குடிப்பதும் தேநீர் போடுவதும் அந்தக் கட்டிகளை உருக்கித்தான். ஒரு வீட்டு முற்றத்தில் கட்டி அடுக்கவில்லை என்றால், அந்த வீட்டுக்காரர்கள் ஊரில் இருக்கப்போவதில்லை என்று பொருள். வாய்விட்டுக் கேட்கவே வேண்டாம்.

பேக்கரியில் வேலை பார்க்கும் மாவ்ரா அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். புருஷன் செத்தபின் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போகும் கட்டிகளில் ஒரு குமிழி இருக்காது, ஒரு புல் இருக்காது. எங்கள் வீட்டுக்கு வருவதில் பாதி ஏரியே இருக்கும், அது வேறு விஷயம். போன புதுவருஷத்துக்குக் கலாச்சார மன்ற வாசலில் பனிக்கட்டியில் ஒரு குதிரை செதுக்கினான். மாவ்ரா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கவ்ரீல், மாடு அம்சமா வந்திருக்கு" என்றாள். குதிரை செதுக்கிய புண்ணியவான் "ஆமா" என்று தலையாட்டினான்!

இந்த நவம்பரில் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். முன்னால் வைத்த தேநீரைத் தொடவில்லை.

"என்னடா, உடம்புக்கு என்ன?"

"மாவ்ராவுக்கு ஐஸ் வேண்டாமாம். டவுன்ல அவ அக்கா வீட்டோட போயிடப் போறாளாம்."

யாகுத்ஸ்க் டவுனுக்குப் போனவர்கள் யார் திரும்பி வந்தார்கள்? "நீ என்னடா சொன்ன?"

"சரின்னேன்."

"சரின்னியா! உன்னைப் பெத்ததுக்கு அம்மா ஒரு கன்னுக்குட்டியப் பெத்திருக்கலாம்."

எழுந்து போய்விட்டான்.

மறுநாள் அவன் செய்த காரியம்தான் ஊரைச் சிரிக்க வைத்தது. மாவ்ரா பேக்கரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தனக்கென்று அறுத்து வைத்திருந்த குளிர்காலத்துக் கட்டிகள் அத்தனையையும் அவள் முற்றத்தில் கொண்டுபோய் அடுக்கிவிட்டான். அவன் முற்றம் துடைத்துப் போட்டாற்போல் கிடந்தது. தன் ஐஸைக் கொண்டுபோய் ஒருத்தி வாசலில் வைத்துவிட்டு ஒருவன் எங்கே போய்த் தண்ணீர் குடிப்பான்? இதைவிடப் பட்டவர்த்தனமாக ஒரு மனுஷன் பெண் கேட்க முடியாது. அப்பாடா, ஒருவழியாக வாயைத் திறந்தானே என்று நான்கூடச் சந்தோஷப்பட்டேன்.

மாவ்ரா கையில் மாவோடு என் வீட்டுக்குள் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க தம்பிக்கு மூளை கலங்கிப்போச்சா?"

"ஏம்மா, ஆசையாத்தானே கொண்டாந்து வச்சான்?"

"வச்சுட்டான், சரி. தினம் விடிஞ்சதும் அதை யாரு உடைக்கிறது? யாரு உள்ள தூக்கிட்டு வர்றது? ஐஸ் இல்லாமலா நான் ஊரை விட்டுப் போறேன்? தூக்கித் தூக்கி என் தோள்பட்டை போச்சு. உருக்கி, தேநீர் போட்டு, ஒத்தையா உக்காந்து சுவத்தைப் பாத்துக் குடிக்கிறேன்க்கா. முடியலக்கா."

ஒன்றுக்குப் பத்தாகப் பேசுகிற நான் அன்று அவளுடைய மாவு படிந்த கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவள் போனதும் தம்பி வீட்டுக்கு ஓடினேன். அவள் சொன்னதை அப்படியே அவனிடம் ஒப்பித்தேன்.

"அவளுக்கு வேலைய ஏத்திட்டேனா?"

"பின்ன? மலை மாதிரி குவிச்சுட்டு வந்திருக்கே."

"எனக்குப் பேசத் தெரியாதேக்கா."

"பேச யாருடா சொன்னா? உள்ள தூக்கி வை!"

மறுநாள் காலை, மூக்கு நுனி தெரியாத மூடுபனி. பாதி வழியில் திரும்பிவிடுவானோ என்று நானும் கூடவே போனேன். அவள் முற்றத்தில் ஒரு முழுக் கட்டியை மார்போடு அணைத்துத் தூக்கினான். கை இரண்டும் அதிலேயே இருந்ததால் காலால் கதவைத் தட்டினான். மாவ்ரா திறந்தாள். குளிர் புகையாக வீட்டுக்குள் புகுந்தது. இவன் வாசற்படியில் மரமாக நின்றான்.

"என்ன?"

எனக்கு அவன் முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

"கவ்ரீல், வர்றதுன்னா உள்ள வா, போறதுன்னா போ. வீட்டுச் சூடெல்லாம் வெளிய போகுது."

"வந்தா தினம் வருவேன்" என்றான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். "வந்தா திரும்பிப் போக மாட்டேன், மாவ்ரா."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். இமையெல்லாம் வெள்ளையாக உறைந்து, கட்டியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தான். அவள் வழிவிட்டு விலகி நின்றாள்.

"கதவைச் சாத்து" என்றாள்.

சாத்தினான். நான் ஒருத்தி வெளியே நிற்கிறேன் என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் இல்லை. அந்தக் குளிரில் அழக்கூடாது, இமை ஒட்டிக்கொள்ளும். அழுதுகொண்டேதான் வீட்டுக்கு நடந்தேன்.