எலிக்கு மார்க் போடுகிறவள்

போன வாரம் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னார்கள். சொன்னது நர்ஸ் இல்லை... என் அண்ணன் மகள் கவிதா.

கிள்ளானில் தன் தங்கை வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று ஏறி விழுந்ததில் என் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். எனக்குப் பொறுமை ஏது? தினமும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ரயிலேறிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்துவிடுவேன். வலது கால் கட்டைவிரல் அசைவதை என் கண்ணாலேயே பார்த்தேன். சொன்னால் ஒருவரும் நம்பவில்லை.

கவிதாவுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. முதுகுத்தண்டு அடிபட்ட எலிகளுக்கு மருந்து கொடுத்து, அகலமான தொட்டியில் நடமாட விட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து பின்னங்கால்களையே பார்ப்பார்களாம். நடக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கணுக்கால் அசைந்ததா, முட்டி மடங்கியதா, பாதம் உடம்பைத் தாங்கியதா... எல்லாவற்றுக்கும் மார்க். ஆனால் எந்த எலிக்கு மருந்து போனது என்பதை மார்க் போடுகிறவர்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

ஏன்? நான் கட்டைவிரல் அசைந்ததைச் சொன்னதும் வார்டில் வைத்துக் கவிதாவே சொன்னாள்.

“ஆசப்படுற கண்ணு இல்லாததயும் பாக்கும் அத்தே. நீங்க வெளிய இருங்க. நானும் பாக்க மாட்டேன்லா.”

பிறகு யாரைப் பார்க்க விட்டாள் தெரியுமா? பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவியான மலாய்க்கார அக்காவையும், வேறு யாரையோ பார்க்க வந்த சீன அங்கிளையும்! நான் என்ன பார்த்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரரைக் கால்களை அசைக்க முயலச் சொல்லி, இருவரையும் தனித்தனியாகப் பார்க்க வைத்தாள். நான் வெளியே நின்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இருவரும் சொன்னது ஒன்றேதான். இடது கணுக்கால் லேசாக அசைகிறது.

வலது? அசையவே இல்லை.

டாக்டர் வந்து சோதித்துவிட்டு ஆமாம் என்றார். மறுநாளே பயிற்சி ஆரம்பம். நான் அழுதுவிட்டேன். அந்த அக்காவுக்கும் அங்கிளுக்கும் எப்படி நன்றி சொல்வது? அந்த எலிகளுக்கு? சம்மதமா என்று யாரும் கேட்காமலே அடிபட்ட ஜீவன்கள். அவற்றைப் பார்த்துப் பழகியவள்தானே எங்களுக்கும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இடது கால்ல என்னமோ ஓடுதுன்னு நான் அப்பவே சொன்னேன். நீ வலது காலயே பாத்துக்கிட்டு இருந்த.”

எலிக்குப் பேச வராது, அதனால் பார்க்க ஆள் வைக்கிறார்கள். இவருக்கு வாய் இருந்தும்... கேட்கத்தான் ஆள் இல்லை!